பெல்ப்பர் பஞ்சு மில்லும் நம்ம தோட்டத்து லயமும்

போர்ட் சுவெட்டன்ஹம்ங்கிற பேரு இப்போ உள்ள பிள்ளைங்களுக்குத் தெரிய வாய்ப்பில்ல. மலேசியாவுல இருக்கிற கிள்ளான் துறைமுகத்தோட பழைய பேரு அது, 1901ல தொறந்தாங்க, 1972ல தான் பேரு மாத்துனாங்க. நாகப்பட்டணத்துலயும் மெட்ராஸ்லயும் கப்பல் ஏறி வந்த நம்ம ஆளுங்க எத்தனையோ பேரு முதல்ல கால் வச்ச மண்ணு அதுதான், எங்க தாத்தாவும் அந்த வழியாதான் வந்தாரு. அந்தப் பேருக்குச் சொந்தக்காரர் ஃபிராங்க் சுவெட்டன்ஹம், 1871ல சிங்கப்பூருக்கு சின்ன உத்தியோகத்துல வந்து, சிலாங்கூருக்கு ரெசிடெண்ட் (சுல்தானுக்குப் பக்கத்துல வெள்ளைக்கார அரசாங்கம் வச்ச அதிகாரி), பேராக்குக்கு ரெசிடெண்ட், 1896ல கூட்டு மலாய் மாநிலங்களுக்கே முதல் ரெசிடெண்ட் ஜெனரல்னு ஏறிப்போன மனுஷன். அவரு பொறந்த ஊரு எதுன்னு நான் ரொம்ப நாளா யோசிச்சதே இல்ல. இங்கிலாந்துல டெர்பிஷயர்னு ஒரு மாவட்டம், அதுல பெல்ப்பர்னு ஒரு சின்ன மார்க்கெட் டவுன், 1850ல அங்கதான் பொறந்தாரு.

என் மகள் டெர்பியில வேலை செய்யுது. அத பார்க்கப் போனப்போ அந்த ஊருக்கும் போயிட்டு வந்தேன், டெர்பியிலேர்ந்து ரயில்ல பத்து நிமிஷம்போல தான் ஆவும். சுவெட்டன்ஹமுக்காக போனேன், ஆனா போன அன்னிக்கே அவர மறந்துட்டேன், ஏன்னா அந்த ஊர்ல நான் பார்த்தது நம்ம லயம், அதான் தோட்டத்துல தொழிலாளிங்களுக்குக் கட்டுன வரிசை வீடு. நெஜமாவே சொல்றேன், தோட்டத்துல பொறந்து வளந்த யாரை கூட்டிட்டுப் போயி அங்க நிறுத்துனாலும் அதயேதான் சொல்லுவாங்க. அதனாலதான் இவ்ளோ நீட்டமா எழுதறேன்.

முதல்ல அந்த இடத்தோட அமைப்பு. டெர்வெண்ட்னு ஒரு ஆறு, வடக்கே பீக் மலைப்பக்கத்துல பொறந்து, மேட்லாக், குரோம்ஃபோர்டு, பெல்ப்பர், டெர்பின்னு தெக்கே எறங்கி டிரெண்ட் ஆத்துல போய் சேருது, மொத்தம் ஒரு 106 கிலோமீட்டர். நம்ம கண்ணுக்கு அது பெரிய ஆறே இல்ல, சிலாங்கூர் ஆத்த பார்த்து வளந்தவங்களுக்கு வாய்க்கா மாதிரிதான் தெரியும். ஆனா அது மலையிலேர்ந்து எறங்குற ஆறு, வேகம் இருக்கு, அந்த வேகம்தான் அந்த ஊரோட தலையெழுத்த மாத்துனது. ஆத்துக்கு மேற்கால செவின்னு ஒரு நீட்டு மேடு, கிழக்கால ஊரு சரிவுல ஏறிப் போவுது. ஊர்ல பாதி சுவரு ஒரே மாதிரி சொரசொரன்னு பழுப்பும் கருப்பும் கலந்த கல்லு. அந்தப் பக்கத்து மலையில வெட்டுற மணற்கல்லு அது, மாவரைக்கிற எந்திரக்கல்லு செய்யறதுக்கும் அததான் வெட்டுவாங்க.

பழைய காலத்துல அந்தப் பக்கம் பூரா காடு. டஃபீல்டு ஃப்ரித்னு பேரு, நார்மன் ராஜா வந்தப்பறம் ஃபெரர்ஸ்னு ஒரு பிரபு குடும்பத்துக்குக் கொடுத்த வேட்டைக்காடு. 1266ல அந்தக் குடும்பத்து ஆளு ராஜாவ எதுத்துக் கலகம் பண்ணி நெலத்தயெல்லாம் இழந்துட்டாரு. காட்டுல வேலை செய்யறவங்களுக்குன்னு 13ஆம் நூற்றாண்டு நடுவுல கட்டுன ஒரு சின்ன கோயில், செயிண்ட் ஜான் சேப்பல், இன்னும் மேட்டுல நிக்குது. அப்பறம் நூத்துக்கணக்கான வருஷம் அந்த ஊருக்குத் தொழில் ஆணி அடிக்கிறதுதான். வீட்டுக்குப் பின்னால ஒரு சின்ன பட்டறை, அதுல அப்பா அம்மா பிள்ளைங்கன்னு எல்லாரும் உக்காந்து ஆணி அடிக்கிறது, குதிரை லாடத்துக்கு அடிக்கிற ஆணியும் அதுல உண்டு. அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரங்க சாமானத்தக் கொண்டாந்து விக்க மேட்டு மேல ஒரு மார்க்கெட் திடல். அவ்ளோதான் ஊரு, ரொம்ப சின்ன ஊரு.

இங்கதான் ஜெடடாயா ஸ்ட்ரட் வர்றாரு. 1726ல பக்கத்துல சவுத் நார்மண்டன்ல பொறந்த குடியானவன் மகன், வண்டிச்சக்கரம் செய்யற வேலை கத்துக்கிட்டவரு, அப்பறம் காலுறை பின்னுற மெஷின்ல வரி வரியா பின்னுறதுக்கு ஒரு புது அமைப்பு கண்டுபிடிச்சு காசு சேர்த்தாரு. 1769ல ரிச்சர்ட் ஆர்க்ரைட் தண்ணியால ஓடுற நூல் மெஷின வச்சுக்கிட்டு முதல் போட ஆளு தேடுனப்போ இவரும் சேர்ந்தாரு, 1771ல குரோம்ஃபோர்டுல முதல் மில்லு வந்துச்சு. குரோம்ஃபோர்டுக்கு காரீயச் சுரங்கத்துலேர்ந்து வடியற தண்ணியும் ஒரு ஓடையும்தான். ஸ்ட்ரட் தனக்குன்னு மில்லு கட்ட நெனச்சப்போ முழு டெர்வெண்ட் ஆறே கிடைக்கிற இடத்துக்கு வந்துட்டாரு, அதுதான் பெல்ப்பர். 1776ல ஆரம்பிச்சு ஒண்ணு ஒண்ணா மில்லு எழும்புச்சு. 1797ல ஆத்துக்குக் குறுக்க குதிரை லாட வடிவத்துல ஒரு அணை கட்டுனாங்க, இன்னிக்கும் தண்ணி அது மேல வெள்ளையா விழுந்துக்கிட்டு இருக்கு, இன்னிக்கும் அந்தத் தண்ணியில கரண்டு எடுக்குறாங்க. 1803ல வடக்கு மில்லு தீப்புடிச்சு எரிஞ்சு போச்சு. மரத்தூணு, மரத்தரை, எண்ணெய், பஞ்சுத் தூசின்னு இருந்தா எரியாம என்ன பண்ணும். ஜெடடாயாவோட மகன் வில்லியம் அடுத்த வருஷமே இரும்புத் தூணும் செங்கல் வளைவுமா தீ புடிக்காத மாதிரி திருப்பிக் கட்டுனாரு. உலகத்துல இரும்புச் சட்டத்துல நிக்கிற பழைய கட்டடங்கள்ல அது ஒண்ணு, பின்னால வந்த உயரமான கட்டடங்களுக்கெல்லாம் பாட்டன் முறைன்னு சொல்றாங்க. 2001ல மேட்லாக் பாத்துலேர்ந்து டெர்பி வரைக்கும் 24 கிலோமீட்டர் பள்ளத்தாக்க யுனெஸ்கோ உலக பாரம்பரிய இடம்னு அறிவிச்சுச்சு, இதுவும் அதுல சேர்த்திதான்.

சரி, லயத்துக்கு வருவோம். மில்லு கட்டியாச்சு, ஆளு வேணுமே. சின்ன ஊர்ல எங்கேர்ந்து ஆளு வரும்? வெளியூர்லேர்ந்து குடும்பம் குடும்பமா கொண்டாறணும், வந்தா தங்க வீடு வேணும். 1792லேர்ந்து 1797 வரைக்கும் லாங் ரோன்னு ஒரு தெரு கட்டுனாங்க. ஒரே கூரையில ஒட்டுனாப்ல வீடுங்க, ஒரு கதவு ஒரு ஜன்னல், ஒரு கதவு ஒரு ஜன்னல்னு அந்தக் கோடி வரைக்கும் போவுது. ஆம்பளைங்க ஆணிப்பட்டறையிலயோ காலுறைத் தறியிலயோ ஸ்ட்ரட்டோட பண்ணையிலயோ கட்டட வேலையிலயோ இருப்பாங்க, மில்லுக்குள்ள வேலைக்குப் போறது பெரும்பாலும் பொம்பளைங்களும் பிள்ளைங்களும்தான். பாலு, இறைச்சியெல்லாம் மொதலாளி பண்ணையிலேர்ந்தே வரும், வாடகையும் சாமான் காசும் சம்பளத்துல புடிச்சுக்குவாங்க. ஞாயித்துக்கிழமை பள்ளிக்கூடம் மில்லோட மேல்மாடியில. கும்பிடறதுக்கும் 1788ல மொதலாளி ஒரு சேப்பல் கட்டிக் கொடுத்தாரு.

இத படிச்சுட்டு உங்களுக்கு என்ன தோணுது? எனக்கு எங்க தோட்டம் அப்படியே கண்ணு முன்னால வந்துச்சு. லயத்து வீடு கம்பெனிது, தண்ணி பைப்பு கம்பெனிது, பிள்ளைங்கள பார்த்துக்கிற ஆயாக்கொட்டகை கம்பெனிது, கோயிலுக்கு நெலம் தோட்டத்து மேனேஜர் துரை கொடுத்தது, தமிழ்ப்பள்ளி தோட்டத்துக்குள்ள, கடைச் சாமானுக்கு சம்பளத்துல புடிப்பு. எங்கம்மா வெள்ளனா எழுந்து பெரட்டுக்கு (காலையில ஆளு கணக்கெடுக்கிற எடம்) போயி தண்டல்கிட்ட, அதான் மேஸ்திரிகிட்ட, பேரு கொடுத்துட்டு பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டி பால் எடுக்கப் போவாங்க, என்ன ஆயாகிட்ட விட்டுட்டுப் போவாங்க. வேலைய விட்டா வீட்டையும் விடணும், இத நான் சின்ன வயசுலயே தெரிஞ்சுக்கிட்டேன், தோட்டத்துல எல்லாப் பிள்ளைக்கும் இது தெரியும்.

லாங் ரோ பக்கத்துலயே 1805 வாக்குல கட்டுன இன்னொரு வரிசை இருக்கு, கிளஸ்டர்ஸ்னு சொல்றாங்க, நாலு நாலு வீடா முதுகோட முதுகு ஒட்டி, ஒவ்வொரு வீட்டுக்கும் கொஞ்சம் தோட்டம், கக்கூசு, பன்னி வளக்க ஒரு கொட்டகை. மேஸ்திரி மாதிரி கொஞ்சம் மேல உள்ளவங்களுக்குக் கொடுத்த வீடுங்க அது. தெருவுக்கெல்லாம் மொதலாளி மகனுங்க பேரு, வில்லியம் தெரு, ஜார்ஜ் தெரு, ஜோசஃப் தெரு. ஜோசஃப் தெருவுல ஒரு பழைய ஆணிப்பட்டறைய சரி பண்ணி இன்னும் வச்சிருக்காங்க. நம்ம பக்கம் லயத்துக்கும் கிராணி (தோட்டத்து ஆபீஸ் கிளார்க்கு) வீட்டுக்கும் இருந்த வித்தியாசம்தான் அங்கயும், லாங் ரோவுக்கும் கிளஸ்டர்ஸுக்கும் நடுவுல நடந்து பார்த்தா கண்ணாலயே தெரியுது. மகள்தான் சொல்லுச்சு, "மா, அப்போ பெரிய கிராணி தாத்தா வீடு இங்கதான் இருந்திருக்கும்." நான் "ஆமாய்யா, துரை பங்களா அந்த மேட்டுல இருக்கும் பாரு"ன்னு சொன்னேன்.

ஸ்ட்ரட் குடும்பத்த நல்ல மொதலாளிங்கன்னு அப்பவே பேசிக்கிட்டாங்க, மத்த மில்லுக்காரங்களோட ஒப்பிட்டா அது நெஜமாவும் இருக்கலாம், வீடு நல்ல கல்லு வீடுதான், இருநூறு வருஷம் தாண்டி நிக்குதே. ஆனா அவங்களோட அபராதக் கணக்கு நோட்டும் மிஞ்சியிருக்கு, அதுல 1805லேர்ந்து 1813 வரைக்கும் தொழிலாளிங்க பண்ணுன தப்பெல்லாம் எழுதி வச்சிருக்காங்க. அதுல ஒரு தப்பு, ஜன்னல் வழியா பட்டாளத்துக்காரங்கள கூப்பிட்டது. ஒரு பொண்ணு வேலை நடுவுல ஜன்னல்ல எட்டிப்பார்த்து சிப்பாய கூப்பிட்டிருக்கும், அதுக்கு ஒரு அபராதம். ரோட்டுக்கு மேல ரெண்டு மில்லையும் இணைக்கிற ஒரு வளைவுப் பாலம் இருக்கு, அந்தச் சுவத்துல துப்பாக்கி நீட்டறதுக்குன்னு ஓட்டை விட்டிருக்காங்க, கலகம் வந்தா சுடறதுக்கு. அதுக்குக் கீழ நின்னப்போ எனக்கு 1941 கிள்ளான் வட்டாரத் தோட்ட வேலைநிறுத்தம்தான் ஞாபகம் வந்துச்சு. அப்போ நம்ம ஆளுங்க கேட்டதுல ஒண்ணு, துரைய பார்த்தா சைக்கிள்லேர்ந்து எறங்க மாட்டோம்ங்கிறது. அதுக்கும் பட்டாளம்தான் வந்துச்சு, சுட்டாங்க, ஆளுங்க செத்தாங்க.

பள்ளிக்கூடம் பத்தி ஒண்ணு சொல்லணும். இங்கிலாந்துல 1833 ஃபேக்டரி சட்டம் வந்துதான் ஒம்பது வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்கள துணி மில்லுல வேலைக்கு வைக்கக் கூடாது, வேலை செய்யற பிள்ளைங்களுக்குத் தினம் ரெண்டு மணி நேரம் படிப்பு கொடுக்கணும்னு ஆச்சு. இங்க மலாயாவுல 1923 தொழிலாளர் சட்டத்துல, தோட்டத்துல ஏழுலேர்ந்து பதினாலு வயசுக்குள்ள பத்துப் பிள்ளைங்க இருந்தா பள்ளிக்கூடம் வைக்கணும்னு போட்டாங்க. நம்ம தோட்டத் தமிழ்ப்பள்ளிங்க நெறைய அப்படித்தான் முளைச்சது, மாட்டுக்கொட்டகை பக்கத்துலயும் கோயில் மண்டபத்துலயும், பல இடத்துல கிராணியே வாத்தியாரு. தொண்ணூறு வருஷ வித்தியாசம், ஆனா யோசனை ஒண்ணேதான்.

அந்த மில்லுக்குப் பஞ்சு எங்கேர்ந்து வந்துச்சு? டெர்பிஷயர்ல பஞ்சு வெளையாது. மேற்கிந்தியத் தீவுலயும் அமெரிக்காவுலயும் அடிமைங்க பறிச்ச பஞ்சு அது. அதுக்கு முன்னாடி இங்கிலாந்துக்காரங்க ஆசையா வாங்குன பருத்தித் துணி நம்ம ஊர் நெசவாளிங்க நெய்தது, அது கம்பளித் தொழில கெடுக்குதுன்னு 1721ல சட்டமே போட்டுத் தடுத்தாங்க. 1774ல அந்தத் தடைய எடுத்து உள்ளூர்ல நெய்யற பருத்தித் துணிக்கு வழி விட்டாங்க, அதுக்காகப் பார்லிமெண்டுல போயி பேசுன கூட்டத்துல ஸ்ட்ரட்டும் ஒருத்தரு. அதுக்கப்பறம் மில்லுத் துணி கப்பல் கப்பலா இந்தியாவுக்குப் போயி கைத்தறிக்காரங்க சோத்துல மண்ணு விழுந்துச்சு. பெல்ப்பர் ஆத்தங்கரையில நிக்கிறப்போ இதெல்லாம் மனசுல ஓடாம இருக்காது, அழகான எடம்தான், 1906ல ஸ்ட்ரட் குடும்பத்து ஆளே ஆத்தோரமா ஒரு பூங்கா வேற போட்டுக் கொடுத்திருக்காரு, ஆனா அழகு மட்டும் பார்த்துட்டு வர என்னால முடியல.

பெல்ப்பர்ல 1768ல பொறந்த இன்னொருத்தரு சாமுவேல் ஸ்லேட்டர். ஸ்ட்ரட்கிட்ட வேலை பழகுன பையன். மெஷின் தெரிஞ்ச ஆளு நாட்ட விட்டுப் போவக் கூடாதுன்னு சட்டம் இருந்தப்போ, எல்லாத்தையும் மனசுலயே ஏத்திக்கிட்டு 1789ல அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிட்டாரு. அடுத்த வருஷமே ரோட் ஐலண்ட்ல பாவ்டக்கெட்ங்கிற ஊர்ல மெஷின் ஓட ஆரம்பிச்சுருச்சு. அமெரிக்காவுல அவரு தொழிற்புரட்சிக்கே தகப்பன், பெல்ப்பர்ல ரொம்ப காலம் துரோகி ஸ்லேட்டர். இப்போ ரெண்டு ஊரும் சிநேகித ஊரு. நம்ம பால்மரமும் அப்படி எடம் மாறி வந்ததுதான். ஹென்றி விக்கம் 1876ல பிரேசில்லேர்ந்து கொண்டு போன ஆயிரக்கணக்கான வெதை லண்டன் கியூ தோட்டத்துல முளைச்சு, அடுத்த வருஷம் 22 கன்னு சிங்கப்பூருக்கு வந்துச்சு, அதுல ஒம்பது கோல கங்சார்ல நட்டாங்க. அதுலேர்ந்து ஆரம்பிச்ச கதையிலதான் நம்ம குடும்பங்கள் எல்லாம் இருக்கு.

இப்போ நம்ம ஊரு. பெஸ்தாரி ஜெயான்னு 2007ல பேரு மாத்துனாலும் எங்களுக்கு பத்தாங் பெர்ஜுந்தைதான். கோல சிலாங்கூர் மாவட்டம், சிலாங்கூர் ஆத்தோரம். ஆறு இங்க மலைய விட்டு எறங்கி மெதுவா வளைஞ்சு வளைஞ்சு போவுது, இன்னும் கீழ போனா கம்போங் குவாந்தான்ல மரத்துல மின்மினி மொய்க்கும், அது வெளிநாட்டுக்காரங்களுக்கும் தெரியும். இங்க முதல்ல வெள்ளீயம். மண்ண நோண்டுற பெரிய கப்பல் மெஷின் ஓடுன எடமெல்லாம் இப்போ குட்டை குட்டையா தண்ணி நிக்குது. அப்பறம் ரப்பர். அப்பறம் செம்பனை, எண்ணெய் எடுக்கிற பனை. மலேசியாவுலயே வியாபாரத்துக்குன்னு முதல் செம்பனைத் தோட்டம் போட்டது நம்ம தென்னமரம் தோட்டத்துலதான், 1917ல, ஹென்றி ஃபோக்கொனியேங்கிற பிரெஞ்சுக்கார துரை. இன்னிக்கு நாட்டுல எங்க பார்த்தாலும் செம்பனை, அதுக்கு ஆரம்பம் நம்ம ஊருப் பக்கம்தான்னு இங்க படிக்கிற பிள்ளைங்களுக்கே சரியா தெரியல, எனக்கு அது ரொம்ப வருத்தம்.

மார்க்கெட் டவுன்னா சுத்தியுள்ள ஊருங்கள நம்பி வாழுற டவுன். நம்ம டவுனும் அதேதான். தோட்டத்துல சம்பளம் போட்ட வாரம் ஞாயித்துக்கிழமை டவுன்ல நடக்க எடம் இருக்காது, லாரியிலயும் டிராக்டர்லயும் சனங்க வந்து எறங்கும், சீனர் கடையில கணக்கு தீர்த்துட்டு, துணி எடுத்துட்டு, பிள்ளைங்களுக்கு ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்துட்டு, ஆம்பளைங்க சில பேரு கள்ளுக்கடையில எறங்கிட்டு, சாயந்தரம் திரும்புவாங்க. தோட்டத்துல ஆளு கொறைஞ்சப்பறம் டவுனோட முகமே மாறிப்போச்சு. யூனிசெல் காலேஜு வந்தது கொஞ்சம் உயிர் கொடுத்துச்சு, பாசார் மாலாம்ல (ராத்திரிச் சந்தை) மாணவருங்க கூட்டம்தான் இப்போ. பெல்ப்பர்லயும் மில்லு வேலை ஒரு நாள் நின்னுதான் போச்சு, ஆனா அந்த டவுன் கடைத்தெரு 2014ல பிரிட்டன்லயே சிறந்த கடைத்தெருன்னு பரிசு வாங்கியிருக்கு. சொந்தமா கடை வச்சிருக்கிறவங்க சேர்ந்து நின்னாங்க, அதுதான் காரணம்னு அங்க உள்ளவங்க சொன்னாங்க.

அங்கயும் இங்கயும் உள்ள வித்தியாசம் வீட்டுலதான் இருக்கு. 1840ல ரயில் ரோடு போட்டப்போ லாங் ரோவ நடுவுல வெட்டிக்கிட்டுதான் போனாங்க, அப்பவும் மிச்சத்த இடிக்கல. இன்னிக்கு அது சட்டத்தால காப்பாத்தப்பட்ட வீடு, இஷ்டத்துக்குக் கைவைக்க முடியாது. உள்ள குடும்பங்க வாழுது, வாசல்ல பூந்தொட்டி, துணி காயுது. எங்க லயம் இருந்த எடத்துல இப்போ செம்பனை. ஆளுங்களுக்கு ஏதோ கொஞ்சம் காசு கொடுத்து காலி பண்ணச் சொன்னாங்க. கோயில் மட்டும் மிஞ்சுச்சு, அதுவும் எடம் மாறி. 1990ல தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம் வந்துச்சு, ஆனா அது வேலையில இருக்கிறவங்களுக்கு வீடு எப்படி இருக்கணும்னு சொல்ற சட்டம், வேலை போனா வீடு யாருக்குன்னு அது பேசல. துன் சம்பந்தன் 1960ல ஆரம்பிச்ச கூட்டுறவு சங்கம் மாசம் பத்து வெள்ளி (டாலர்)ன்னு தொழிலாளிங்ககிட்ட சேர்த்து கெடாவுல புக்கிட் சீடிம் தோட்டத்துல ஆரம்பிச்சு தோட்டமா வாங்குனாங்களே, அந்த யோசனை எவ்ளோ பெரிய யோசனைன்னு எனக்கு லாங் ரோவுல நின்னப்போதான் முழுசா ஒறைச்சுது. நெலம் நம்ம கையில இருந்தாதான் வீடு நிக்கும்.

இப்போ நான் ஒரு வேலை ஆரம்பிச்சிருக்கேன். நாங்க இருந்த தோட்டத்தோட வரைபடம் கையால போடறேன், எந்த லயத்துல எத்தனை வீடு, எந்த வீட்டுல எந்தக் குடும்பம், கெணறு எங்க, ஸ்டோர் எங்க, பெரட்டுக்களம் எங்கன்னு. எங்கம்மாவும் அவங்க கூட வேலை செஞ்ச ரெண்டு பாட்டிங்களும் சொல்லச் சொல்ல எழுதறேன், மூணு பேருக்கும் ஒத்துப்போவாம சண்டை வந்தா அதையும் எழுதறேன். தென்னமரம், மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, ராஜா மூசா தோட்டங்க பக்கம் இருந்தவங்க யாராவது இத படிச்சா, உங்க வீட்டுல பழைய ஃபோட்டோ, சம்பள சீட்டு, பள்ளி ரிப்போர்ட் புக்கு எது இருந்தாலும் ஒரு படம் புடிச்சு அனுப்புங்க. ஆளு முகம் தெரியுற ஃபோட்டோதான் வேணும்னு இல்ல, பின்னால லயம் தெரிஞ்சா போதும். கதவு எந்தப் பக்கம் தொறந்துச்சு, படி எத்தனைன்னு தெரிஞ்சாலே எனக்கு உதவியா இருக்கும். பாட்டி தாத்தா இருந்தா இந்தத் தீபாவளிக்குப் போறப்போ மறக்காம கேட்டுட்டு வாங்க.